கூப்பிடு தூரம்

கோர்னா ராவ்னாவில் பேருந்து என்னை மட்டும் இறக்கிவிட்டது.
ஓட்டுநர் என் காலணியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.
மூன்றே முக்காலுக்கு இதே இடம், என்றார்,
அதற்குமேல் நிற்க மாட்டேன்.

ஜூனில் இந்தப் பாதை ஒரு பச்சைக் குழாய்.
பீச் மரங்கள் வானத்தை விட்டுவைக்கவில்லை.
இடுப்புவரை பெரணி.
பட்டையில் தீட்டிய வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு
நூறு தப்படிக்கு ஒருமுறை தெரிந்தது,
பிறகு இருநூறுக்கு,
பிறகு தெரியவேயில்லை.
ரதோயிடம் வரைபடம் இருந்தது.
என்னிடம் பிடிவாதம்.

இரண்டு மணி நேரம்
உலகத்தில் வேறு யாருமில்லை என்று நம்பினோம்.
ஒரு குரல் ஊளையிட்டது.
ஓநாய், என்றான் ரதோய்.
என் கையைப் பிடித்துக்கொண்டான்,
அன்றைக்குக் கடைசியாக.

இப்போது பிப்ரவரி.
மேல்பனி அப்பளமாய் நொறுங்குகிறது,
அடியில் மாவு.
மரங்கள் எதையும் மறைக்கவில்லை.
முதல் திருப்பத்திலேயே
கீழே நீலக்கூரைப் பள்ளிக்கூடம்,
அதன் பக்கத்தில் தார்ச்சாலை,
கொடியில் விறைத்து நிற்கும் யாரோ ஒருவரின் கால்சட்டை.
ஒரு கல்லை எறிந்தால் அதன்மேல் விழும்.
இதற்கு மேலேதான்
தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று
மடக்கு மடக்காய் எண்ணிக்கொண்டு நடந்தோம்.

அந்த ஓநாய்க்கு
ஒரு சங்கிலி இருந்தது, ஒரு தகரத் தட்டு இருந்தது.
என்னைக் கண்டு வாலாட்டியது.

ஊற்றுத்தொட்டி உறைந்து கிடந்தது.
அதைத் தாண்டினால் பாதை பிரியும் இடம்.
இடது, என்றான் அவன். வலது, என்றேன் நான்.
பாதையில் தொடங்கிய பேச்சு
ஸ்டாரா ஸகோரா வீட்டு வாடகைக்குப் போய்,
அவன் அம்மாவின் இறுதிச்சடங்குக்கு
நான் தாமதமாக வந்ததில் நின்றது.
அவன் இடதில் போனான்.
நான் வலதில் ஐம்பதடி போய்
ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.
திரும்பி வருவான் என்று அரைமணி நேரம்.
பிறகு தனியாக இறங்கினேன்.
எட்டு மாதம்.

அந்தக் கல்லைத் தேடிப் பனியைத் தள்ளி
மறுபடி உட்கார்ந்தேன்.
எதிரே ஹேசல் புதர், இலையில்லாமல்,
பழைய துடைப்பங்களைக் குத்திவைத்ததுபோல.
அதன் ஊடே
இடதுபாதை.
பத்தடி தள்ளி, என் முழங்காலுக்கு நேராக.
அங்கேயும் ஒரு கல்.
உட்காரத் தோதான கல்.

எழுந்து நடந்து பார்த்தேன்.
அறுபத்திரண்டு தப்படி.
புதரைச் சுற்றி இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.
இடதில் திரும்பி வந்து
வலதில் மீண்டும் போனேன்.
அறுபத்தைந்து.

மேலிருந்து மணிச்சத்தம்.
குதிரை பின்னால் மரத்துண்டுகளை இழுத்துக்கொண்டு வந்தது,
கடிவாளத்தில் ஒரு பெண், என் வயதிருக்கும்.
பனியில் நான் வரைந்திருந்த வட்டத்தைப் பார்த்தாள்.
எதையாவது தொலைத்துவிட்டீர்களா?
எது சரியான வழி என்று கேட்டேன்.

ஸும்பூல் (பெயரைப் பிறகு சொன்னாள்)
கையுறையில் மூக்கைத் துடைத்தாள்.
புகையிலை ஏற்றின காலத்தில்
போகிற கோவேறு கழுதைக்கு ஒன்று,
வருகிறதுக்கு ஒன்று.
பாரத்தோடு எதிரெதிரே வந்தால் இரண்டும் நகராது,
ஒன்றையொன்று கடிக்கும்.
அதனால் இந்த இடத்தில் மட்டும் பிரித்துவிட்டார்கள்.
இப்போது?
இப்போது இதைக் கேளுங்கள், என்று
குதிரையின் கழுத்தைத் தட்டினாள்.
அது இரண்டுக்கும் நடுவே, புதரை மிதித்துக்கொண்டு போனது.

கல்லைப் படமெடுத்தேன்.
திரையில் வெறும் வெள்ளை.
அவனுக்கு இது எதுவென்றே புரியாது.
அழித்தேன்.

இறங்கும்போது நாயிடம் கொஞ்ச நேரம் நின்றேன்.
அது தட்டைக் கவ்விக்கொண்டு வந்து
என் காலடியில் போட்டது.
அதைப் படமெடுத்தேன், தட்டோடு, சங்கிலியோடு.
கீழே எழுதினேன்:
இதுதான் அந்த ஓநாய்.

மூன்று நாற்பது.
பேருந்தின் கண்ணாடியில் ஆவி படிகிறது.
அலைபேசியில் ஒரே ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகிறது.
அனுப்பும் குறி
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.